சதுரங்க அரங்கில் ஒரு தமிழர்

கல்லாமையைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர் ஓர் ஆட்டத்தை உவமையாக எடுத்துக்கொள்கிறார். நிறைந்த நூலறிவு இல்லாதவன் சபையில் பேசப் புகுவது, கட்டம் கீறாத வெறுந்தரையில் காய் உருட்டி ஆடுவதைப் போன்றது என்கிறார். உரை சொல்கிறவர்கள் இந்தக் குறளில் கல்வியின் பக்கமாகவே நின்றுவிடுவது வழக்கம். ஆட்டத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் அதில் ஓர் உண்மை உண்டு. ஆடுகிறவனிடம் திறமை இருக்கலாம். காய்களும் கையில் இருக்கலாம். அரங்கு இல்லையென்றால் ஆட்டம் இல்லை. அந்த அரங்கை யார் கீறித் தருகிறார்கள்? நேயர்களே, இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கு நாம் எடுத்துக்கொள்வது விஸ்வநாதன் ஆனந்த் என்ற சதுரங்க வீரரின் வரலாறு.

இலக்கிய உரையில் சதுரங்கத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். உலக எழுத்தாளர் பலரை மயக்கிய ஆட்டம் இது. பிரேம்சந்த் 1924இல் எழுதிய 'சத்ரஞ்ச் கே கிலாடி' என்ற கதையில் லக்னோ நகரத்துப் பிரபுக்கள் இருவர் நாடு ஆங்கிலேயர் கைக்குப் போவதைக்கூடக் கவனியாமல் காய் நகர்த்திக்கொண்டிருப்பார்கள். சத்யஜித் ராய் அதை 1977இல் திரைப்படமாக்கினார். ரஷ்யாவை விட்டு வெளியேறி வாழ்ந்த நபக்கோவ், லூஷின் என்ற சதுரங்க மேதையைப் படைத்தார். வாழ்க்கை முழுவதும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் தெரியத் தொடங்கி, மனம் சிதைந்து அழிந்துபோகிறவன் அவன். ஸ்டெபான் ஸ்வைக், தாய்நாட்டை இழந்து பிரேசிலில் தங்கியிருந்த இறுதி நாட்களில் எழுதிய குறுநாவலிலும் இதே கதிதான். நாஜிகளின் தனிச்சிறையில் அகப்பட்டவன், தன்னோடு தானே மனத்துக்குள் சதுரங்கம் ஆடி ஆடிப் புத்தி பேதலிக்கிறான்.

இந்த மூன்று படைப்புகளிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. இலக்கியம் சதுரங்கக்காரனைத் தனித்து நிற்பவனாகவே கண்டிருக்கிறது. உலகத்தை மறந்தவன், உலகத்தால் மறக்கப்பட்டவன் என்றே அவனை வரைந்திருக்கிறது. உண்மையான சதுரங்க வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. தனியாக உட்கார்ந்து எவரும் உலக வீரராகிவிடவில்லை.

ரஷ்யாவையே பார்ப்போம். 1948 தொடங்கி 1972 வரை போட்வினிக், ஸ்மிஸ்லோவ், தால், பெற்றோசியன், ஸ்பாஸ்கி என்று உலக சம்பியன் பட்டம் சோவியத் நாட்டை விட்டு வெளியே போகவில்லை. அமெரிக்கரான பொபி பிஷர் 1972இல் ஸ்பாஸ்கியிடமிருந்து அதைப் பறித்தார். 1975இல் அவர் ஆட மறுக்கவே, பட்டம் கார்ப்போவிடம் திரும்பியது. 1985இல் கஸ்பரோவ் அதைப் பெற்றார். ரஷ்யர்களின் மூளை தனி ரகம் என்று அந்நாட்களில் சிலர் பேசினார்கள். காரணம் மூளையில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. புரட்சிக்குப் பின் 1920களில் கிரிலென்கோ என்ற தலைவர் சதுரங்கத்தை அரசின் வேலைத் திட்டங்களில் ஒன்றாக்கினார். தொழிற்சாலைகளிலும் பாடசாலைகளிலும் மன்றங்கள் எழுந்தன. சிறுவர்களுக்கான பயனியர் மாளிகைகளில் பயிற்சியாளர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டிலிருந்து சிறு பிள்ளையாக வெளியேற்றப்பட்டு, போர்க்காலத்து வறுமையில் வளர்ந்தவர் ஸ்பாஸ்கி. அத்தகைய ஒரு பையன் உலக சம்பியன் ஆவதற்கு அந்த மாளிகையின் பலகையும் பயிற்சியாளரும் அரசு தந்த உதவிப் பணமும் தேவைப்பட்டன.

இதில் இருண்ட பக்கமும் உண்டு. தன் பெருமையை உலகுக்குக் காட்டவே அரசு இதையெல்லாம் செய்தது. சதுரங்கத்தை வளர்த்த கிரிலென்கோவே 1938இல் ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டை விட்டு ஓடிய கோர்ச்னோய் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது, அவருடைய மனைவியும் மகனும் சோவியத் எல்லைக்குள்ளேயே தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். அரங்கு கீறித் தருகிறவர்களின் கை எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை. ஆனாலும் கீறப்பட்ட அரங்கு அங்கே இருந்தது. பிள்ளைகள் அதில் ஆடினார்கள்.

அந்த ரஷ்ய வரிசையில் இலக்கிய வாசகர்களின் மனத்துக்கு மிக நெருக்கமானவர் மிக்கெயில் தால். 1936இல் லத்வியாவின் ரீகா நகரில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தவர். இல்ப், பெத்ரோவ் என்ற இரட்டையர் எழுதிய 'பன்னிரண்டு நாற்காலிகள்' என்ற அங்கத நாவலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர். அந்த நாவலிலேயே ஒரு சதுரங்கக் காட்சி வருகிறது. ஆட்டமே சரியாகத் தெரியாத ஓர் ஏமாற்றுக்காரன் ஒரு கிராமத்து மன்றத்தையே நம்ப வைத்து வேடிக்கை காட்டுவான். தாலின் வலக்கரத்தில் பிறவியிலேயே மூன்று விரல்கள்தாம். வாழ்நாள் முழுவதும் சிறுநீரக நோய் வாட்டியது. அப்படிப்பட்டவர் 1960இல், தமது 23ஆவது வயதில், போட்வினிக்கை வென்று உலக சம்பியனானார். மறு ஆண்டே பட்டத்தை இழந்தார். காய்களை அள்ளிப் பலி கொடுத்துவிட்டு எதிரியின் அரசனைத் துரத்தும் அவருடைய ஆட்டத்தை மக்கள் கவிதை என்றே கொண்டாடினார்கள். 1992இல் மொஸ்கோவில் காலமானார்.

இந்தத் தாலின் பெயரில் ஒரு மன்றம் சென்னையில் எழுந்தது. 1972இல் சோவியத் கலாசார நிலையத்தில் அது தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கி நடத்தியவர் மனுவேல் ஆரோன். அவரைப் பற்றியும் நாம் தெரிந்திருக்க வேண்டும். கடல் கடந்து தமிழர் போய்ச் சேர்ந்த நாடுகளில் ஒன்றான பர்மாவில் 1935இல் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்தவர் ஆரோன். 1961இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். இந்தியர் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதற்தடவை. 1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது முறை தேசிய சம்பியனாக இருந்தார். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாட்டில் முன்னாள் உலக சம்பியன் மாக்ஸ் ஊவேயையே தோற்கடித்தார்.

ஆரோன் தலையெடுத்த காலத்தில் இந்தியாவின் பல இடங்களில் சதுரங்கம் பழைய நாட்டு முறைப்படியே ஆடப்பட்டு வந்தது. அரசன் ஒரு முறை குதிரையைப் போலப் பாயலாம் என்பது அந்த விதிகளில் ஒன்று. சதுரங்கம் பிறந்ததே இந்திய மண்ணில்தான் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. நீடாமங்கலத்துக்கு அருகில் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரிலேயே சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார். அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்தார் என்பது தலபுராணம். இத்தனை பழம்பெருமை இருந்தும் உலக அரங்கில் நமக்கு இடமில்லாமல் இருந்தது. சர்வதேச விதிகளைக் கற்க வேண்டும், தொடக்க நகர்வுகளைப் புத்தகம் வைத்துப் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகக் குழு அமைத்துச் சொன்னவர் ஆரோன். பெருமையைப் பேசிக்கொண்டிராமல் அரங்கைக் கீறியவர் என்று அவரைச் சொல்லலாம்.

இனி ஆனந்தைப் பார்ப்போம். 1969 டிசெம்பர் 11ஆந் திகதி மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் வளர்ந்தார். தந்தை விஸ்வநாதன் ரயில்வேயில் உயர் அதிகாரி. வெளிநாட்டுக்காரர்கள் ஆனந்தை 'விஷி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். அது உண்மையில் தகப்பனாரின் பெயர் என்பது தமிழர்களாகிய நமக்குத்தான் தெரியும். ஆறு வயதில் அவருக்குக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் தாயார் சுசீலா. பிறகு பிள்ளையைத் தால் மன்றத்திலும் சேர்த்துவிட்டார்.

1978இல் தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவுக்குப் போனது. அதே ஆண்டு அந்நாட்டின் பாகியோ நகரில் கார்ப்போவுக்கும் கோர்ச்னோய்க்கும் உலகப் பட்டப் போட்டி நடந்தது. பாகியோ நமது நுவரெலியாவைப் போன்ற ஒரு மலைநகரம். வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து மலையேறி உண்டாக்கிய ஊர்தான் அதுவும். நுவரெலியாவை ஆங்கிலேயர் உண்டாக்கினார்கள், பாகியோவை அமெரிக்கர்கள் உண்டாக்கினார்கள். அந்தக் குளிரில் 32 ஆட்டங்கள் நடந்து, ஆறு வெற்றிக்கு ஐந்து என்ற கணக்கில் கார்ப்போவ் பட்டத்தைக் காத்துக்கொண்டார். நாடு முழுவதும் சதுரங்கக் காய்ச்சல் பரவியது. தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று. முடிவில் நேயர்களுக்கு ஒரு புதிர். பையன் பாடசாலையில் இருக்கும் நேரம் அது. தாயார் புதிரை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசுப் புத்தகங்கள் வந்தவண்ணம் இருந்தன. கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே அவரை அழைத்து, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள். இனிமேல் விடை அனுப்பாதே என்று சொன்னார்களாம்.

ஒரு தாய், ஒரு பென்சில், ஒரு தாள். ஆனந்தின் முதல் அரங்கு இவ்வளவுதான்.

சென்னைக்குத் திரும்பியதும் தால் மன்றம் மீண்டும் கிடைத்தது. அங்கே பலகைகள் குறைவு, ஆட வந்தவர்கள் அதிகம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிட வேக ஆட்டம். வென்றவர் இருந்த இடத்திலேயே இருக்கலாம், தோற்றவர் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். மறுபடி முறை வர வெகுநேரம் ஆகும். எழும்ப விருப்பமில்லாத பையன் என்ன செய்வான்? தோற்காமல் இருக்கக் கற்றுக்கொள்வான். அதுவும் விரைவாகக் கற்றுக்கொள்வான். பிற்காலத்தில் உலகம் வியந்த ஆனந்தின் வேகம் அந்த வரிசையில் பிறந்தது. எதிராளிகள் அரைமணி நேரம் யோசிக்கும் இடத்தில் அவர் சில நொடிகளில் காயை நகர்த்தினார். பத்திரிகைகள் அவரை மின்னல் சிறுவன் என்றன.

அதன் பிறகு வெற்றிகள் அடுக்கடுக்காக வந்தன. 1983இல் இந்தியாவின் இளஞ்சிறார் பட்டத்தை ஒன்பதுக்கு ஒன்பது புள்ளி எடுத்து வென்றார். 16 வயதில் தேசிய சம்பியனானார். 1987இல் உலக இளையோர் பட்டம் கிடைத்தது. அது கிடைத்த இடமும் அதே பாகியோதான். 1988இல் கோயம்புத்தூரில் நடந்த சுற்றுப்போட்டியில் வென்று இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 1992 பிறந்த வேளையில் இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் கஸ்பரோவ், கார்ப்போவ் இருவரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றபோது, ரஷ்யக் கோட்டைக்குள் ஒரு தமிழர் நுழைந்துவிட்டார் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

நுழைவது வேறு, வெல்வது வேறு. 1995 செப்டெம்பரில் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில் உலகப் பட்டத்துக்காகக் கஸ்பரோவைச் சந்தித்தார். முதல் எட்டு ஆட்டங்களும் சமநிலை. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில் கஸ்பரோவ், வீட்டிலேயே ஆழமாக ஆராய்ந்து வைத்திருந்த நகர்வுகளைக் கொட்டினார். ஐந்து ஆட்டங்களுக்குள் நான்கில் ஆனந்த் தோற்றார். முடிவு பத்தரைக்கு ஏழரை. உலகப் பட்டப் போட்டியில் பலகைக்கு முன்னால் இருப்பவர் ஒருவர்தான் என்றாலும், பின்னால் ஒரு பட்டாளமே உழைக்கிறது. நகர்வுகளைச் சோதிக்கும் உதவியாளர்கள், அவர்களுக்குப் பின்னால் பல தலைமுறை அனுபவம். இவையெல்லாம் ரஷ்யர்களிடம் இருந்தன. மின்னல் வேகம் மட்டும் அதற்கு ஈடாகாது என்பதை ஆனந்த் அங்கே கண்டார்.

1998 தொடக்கத்தில் இன்னொரு அடி. ஹொலந்தின் குரோனிங்கனில் நீண்ட வெளியேற்றுச் சுற்றுகளையெல்லாம் வென்ற ஆனந்த், சில நாட்களிலேயே சுவிற்சர்லாந்தின் லொசானில் கார்ப்போவைச் சந்திக்க வேண்டியதாயிற்று. கார்ப்போவ் நேரடியாக இறுதிக்கு வந்து ஓய்வாகக் காத்திருந்தார். ஆறு ஆட்டங்களில் மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, விரைவு ஆட்டங்களில் பட்டம் கைநழுவியது. ஏற்பாடு நியாயமற்றது என்று பலர் குரல் எழுப்பினார்கள்.

1993இல் கஸ்பரோவ் சர்வதேசச் சம்மேளனத்திலிருந்து பிரிந்துபோனதால் உலகப் பட்டம் இரண்டாக உடைந்து கிடந்த காலம் அது. அதில் ஒரு பாதியை 2000 டிசெம்பரில் டெஹ்ரானில் ஆனந்த் வென்றார். இறுதியில் அவரிடம் மூன்றரைக்கு அரை என்று தோற்றவர் ஷிரோவ். தால் பிறந்த அதே ரீகா நகரத்துக்காரர். ஆசியாவுக்கு உலக சம்பியன் பட்டம் முதன்முதலாக வந்தது. பட்டங்கள் ஒன்றான பின், 2007இல் மெக்சிக்கோ நகரில் எட்டுப் பேர் மோதிய போட்டியில் ஓர் ஆட்டமும் தோற்காமல் முதலிடம் பெற்று, கேள்விக்கிடமற்ற சம்பியனானார்.

அப்போதும் சிலர், ரஷ்யாவின் கிராம்னிக்கை நேருக்கு நேர் வென்று காட்டட்டும் என்றார்கள். கஸ்பரோவையே 2000இல் வீழ்த்தியவர் கிராம்னிக். 2008 ஒக்டோபரில் ஜெர்மனியின் பொன் நகரில் இருவரும் சந்தித்தார்கள். அதுவரை பெரும்பாலும் அரசனுக்கு முன்னுள்ள காலாளை நகர்த்தியே ஆட்டத்தைத் தொடங்கி வந்தவர் ஆனந்த். அங்கே அரசிக்கு முன்னுள்ள காலாளை நகர்த்தினார். அது கிராம்னிக்கின் சொந்த நிலம். அந்த நிலத்திலேயே மாதக்கணக்காகத் தயாராகி வந்திருந்தார். மூன்றாம், ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களில் வென்று, ஆறரைக்கு நாலரை என்று முடித்தார். 1995இல் கஸ்பரோவ் கற்பித்த பாடத்தை பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு ரஷ்யரிடமே ஒப்புவித்தார் என்று சொல்லலாம்.

2010இல் பல்கேரியாவின் சோபியாவில் தொப்பலோவோடு போட்டி. ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூட, விமானங்கள் நின்றுவிட்டன. ஆனந்த் பிராங்க்போர்ட்டிலிருந்து தரைவழியாக நாற்பது மணி நேரம் அளவில் பயணம் செய்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றார். பதினோராம் ஆட்டத்தின் முடிவில் இருவரும் சமம். கடைசி ஆட்டமும் சமமானால் விரைவு ஆட்டம். விரைவு ஆட்டத்தில் ஆனந்தைச் சந்திக்க யாருக்குத்தான் துணிவு வரும்? தொப்பலோவ் வலிந்து வெல்லப் பார்த்தார். தன் அரசனின் காவலைத் தானே திறந்துவிட்டார். கறுப்புக் காய்களோடு ஆடிய ஆனந்த் வென்று பட்டத்தைக் காத்தார். 2012இல் மொஸ்கோவின் திரெத்தியாக்கோவ் ஓவியக் கூடத்தில் கெல்பாண்டோடு ஆடியபோதும் பன்னிரண்டு ஆட்டங்களில் ஆறுக்கு ஆறு. விரைவு ஆட்டத்திலேயே முடிவு வந்தது. அந்த இரண்டு பட்டங்களையும் தீர்மானித்தது, தால் மன்றத்து வரிசையில் நின்ற பையனின் வேகம்தான்.

அந்தப் போட்டிக்குப் பின் ரஷ்ய ஜனாதிபதி புட்டின் இருவரையும் அழைத்துப் பேசினார். சென்னையில் சோவியத் கலாசார நிலையத்துத் தால் மன்றத்தில்தான் ஆடத் தொடங்கினேன் என்று ஆனந்த் சொல்ல, அப்படியானால் இதை நாங்களே தேடிக்கொண்டோம் என்ற பொருளில் புட்டின் சிரித்துச் சொன்னாராம்.

2013இல், தமது சொந்தச் சென்னையிலேயே, நோர்வேயின் 22 வயது கார்ல்சனிடம் ஆனந்த் பட்டத்தை இழந்தார். மறு ஆண்டு சவால் விடும் உரிமையை மீண்டும் வென்று வந்து, சோச்சியில் மறுபடியும் தோற்றார். 2017இல், 48 வயதில், ரியாத்தில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். நபக்கோவின் லூஷினுக்கும் ஸ்வைக்கின் சிறைக்கைதிக்கும் நேர்ந்தது இவருக்கு நேரவில்லை. தோல்விக்குப் பின்னும் நிதானம் இழக்காமல், வீடும் நண்பர்களும் சூழ வாழ்ந்தார். 2020இல் இளையோருக்கான பயிற்சி நிலையம் ஒன்றின் தொடக்கத்தில் பங்குகொண்டார். அதில் பயின்றவர்களில் ஒருவர் சென்னையின் குகேஷ். பிள்ளையோடு நாடு நாடாகப் போவதற்காக அவருடைய தந்தை தமது வைத்தியத் தொழிலையே நிறுத்தி வைத்தவர். 2024 டிசெம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று, 18 வயதில் குகேஷ் உலக சம்பியனானார். 1988க்கு முன் ஒரு கிராண்ட் மாஸ்டர்கூட இல்லாத இந்தியாவில் இன்று எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். போட்வினிக்கிலிருந்து கஸ்பரோவ் வரை நீண்டதுபோல ஆரோன், ஆனந்த், குகேஷ் என்று இன்னொரு வரிசை நீண்டிருக்கிறது.

இதையெல்லாம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்து கேட்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது? ஆனந்த் ரயில்வே அதிகாரியின் பிள்ளை. நமது பிள்ளைகள் லயத்துக் காம்பராவில் பிறந்தவர்கள் என்று ஒருவர் சொல்லலாம். அது நியாயமான பேச்சு. வசதி இருந்த இடத்திலேயே ஒரு தாயும் ஒரு மன்றமும் ஓர் ஆரோனும் தேவைப்பட்டார்கள் என்றால், வசதி இல்லாத இடத்தில் அவர்கள் எவ்வளவு அதிகம் தேவை! திறமை இருந்தால் தானாக வெளியே வரும் என்று சொல்லிக் கைகழுவிவிடுவது, கட்டம் கீறாத தரையைக் காட்டி ஆடு என்று சொல்வதற்குச் சமம்.

ஆட்டம் நமக்குப் புதிதல்ல. கோடு கீறி, மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை நமது முன்னோர் கடல் கடந்து வரும்போதே மனத்தில் சுமந்து வந்தார்கள். பலம் குறைந்த பல காய்கள் ஒன்றாக நின்று பலம் மிகுந்த சில காய்களை மறித்துக் கட்டும் ஆட்டம் அது. தோட்டத்து மக்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கலைக்கும் நாம் அரங்கு கண்டவர்கள்தாம். எந்த அரசும் மண்டபம் கட்டித் தராத காலத்திலேயே, மாசிப் பனியில், தோட்டத்து மக்கள் கூடித் திடலைத் துப்புரவாக்கிக் காமன் கூத்தை இரவிரவாக ஆடினார்கள். கூத்துக்குச் செய்ததைச் சதுரங்கத்துக்குச் செய்ய முடியாதா?

தோட்டத்து வாசிகசாலையில் ஒரு மேசை, கடதாசி மட்டையில் கீறிய 64 கட்டம், மலிவான காய்கள் ஒரு தொகுதி, பின்னேரங்களில் ஒரு மணி நேரம் உட்காரச் சம்மதிக்கும் ஓர் ஆசிரியர். தொடங்குவதற்கு இவை போதும். இப்போது கைத்தொலைபேசியிலேயே ஆடலாமே என்பார்கள். ஆடலாம், நல்லதுதான். ஆனால் தோற்றவன் எழுந்து வரிசையில் நிற்பதும், நிற்கும்போது அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்துப் படிப்பதும், வென்றவனிடம் எங்கே பிழைத்தேன் என்று கேட்பதும் அதில் கிடைப்பதில்லை. தால் மன்றம் பையன்களுக்குக் கொடுத்தது அந்த வரிசையைத்தான்.

அப்படி ஒரு மேசை போடப்பட்டால், அதிலிருந்து உலக சம்பியன் வருவாரா என்று கேட்க வேண்டியதில்லை. கொழுந்து மலையிலிருந்து திரும்பும் தாய், பிள்ளை எங்கே என்று தேடி வந்து, வாசிகசாலை வாசலில் நின்று, அவன் ஆடி முடிக்கும்வரை பொறுத்திருந்தால் போதும். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.